பால் இல்லாத பால் கொழுக்கட்டை

இனிப்பு இல்லாமல் என்னால் இருக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு அப்போதும் வெட்கம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. சாப்பாடு முடிந்ததும் ஒரு துண்டு வெல்லமாவது வாயில் விழ வேண்டும். விழாவிட்டால் எதிரில் இருப்பவர் மேல் எரிந்து விழுவேன். கல்யாணமான புதிதில் எதிரில் இருந்தவர் என் கணவர் ஒருவர்தான் என்பதால் அவர் இதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டார். வெல்ல டப்பா காலியாக விடமாட்டார்.

அது எண்பதுகளின் கடைசி. பெருங்களத்தூரில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். வீட்டுச் சொந்தக்காரி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மிச்ச இடத்தில் வரிசையாகப் போர்ஷன்கள் கட்டி, பின்பக்கம் தென்னை மரங்களையும் ஓர் எருமையையும் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரை அக்கா என்பேன். அவருக்கு நான் டீச்சரம்மா.

டீச்சர் என்றாலும் அரை டீச்சர்தான். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து வருஷம் திரும்பவில்லை, வேலை நிரந்தரம் ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்குக் காணாக்கடி வந்தது. எதுவும் கடிக்காமலே கடித்தாற்போல் கை, முதுகு, தொடை என்று தடித்துத் தடித்துச் சிவக்கும். கரும்பலகையில் ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கையால் சொறிந்துகொண்டிருப்பேன். எதிரே பிள்ளைகளும் தங்களுக்கு அரிக்காத இடத்தையெல்லாம் சொறிய ஆரம்பித்தார்கள்.

தாம்பரத்தில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அரிப்பு அடங்கியது. கூடவே நானும் அடங்கினேன். மதியம் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில் பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகும். அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்களே, தங்கம்! டீச்சர் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக மூச்சுக்கூட மெதுவாக விடுவார்கள். வகுப்புத் தலைவி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு காவல் நிற்பாள். வராந்தாவில் போய்வரும் ஹெட்மிஸ்ட்ரஸ், பள்ளியிலேயே அமைதியான வகுப்பு என் வகுப்புதான் என்று மற்ற டீச்சர்கள் முன்னால் என்னைப் புகழ்ந்தார். நானும் கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

ஒருநாள் அந்த அமைதியை நேரில் பாராட்டவேண்டும் என்று அவர் உள்ளே வந்துவிட்டார். நான் கண் விழித்தபோது மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை இப்படிப் பார்த்தேன்னா, உங்களைப் பெர்மனன்ட் பண்ணச் சொல்லி நான் எழுத மாட்டேன் டீச்சர்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரிடம் போய் அழுதேன். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு வழி சொன்னார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும்வரை சந்தேகப்பட்டதையெல்லாம் நிறுத்த வேண்டும். பால், கோதுமை, முட்டை, மீன், வேர்க்கடலை, கத்தரிக்காய், எல்லாவற்றுக்கும் தடை. சோறு, பாசிப்பருப்பு, சில காய்கள், வாழைப்பழம், தேங்காய், வெல்லம் உண்டு. உடம்பு அடங்கியபின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். "தீபாவளி வரைக்கும் பார்ப்போம். அடங்கலைன்னா மறுபடி மாத்திரைதான்" என்றார். மாத்திரை என்றால் தூக்கம், தூக்கம் என்றால் வேலை போச்சு. வெல்லத்தை விட்டுவைத்தாரே என்று மட்டும் அவரை மனதுக்குள் வாழ்த்தினேன்.

என் கணவர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ஒரு விதியைக் கையில் கொடுத்துவிட்டால் அதற்குள் குடியேறிவிடுகிற ஆள். "பால்னு எதுவும் கூடாது" என்று டாக்டர் சொன்னது அவருக்கு அரசாணை ஆகிவிட்டது. பசும்பால், எருமைப்பால், தயிர், மோர் போயின. தேங்காய்ப் பாலும் போயிற்று. தேங்காய்ச் சட்னி சாப்பிடலாம், அதே தேங்காயைப் பிழிந்தால் சாப்பிடக் கூடாது! பப்பாளிக்காயை நறுக்கும்போது காம்பில் பால் வடிந்தது. அதையும் வேண்டாம் என்றார். சோளக்கதிர் வாங்கப் போனவர், "நல்லா பால் புடிச்ச கதிர் சார்" என்று கடைக்காரர் சொன்னதும் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரை வெகுளி என்போம். இவர் பெயரில் பால் இருந்தாலே நம்பினார். நானும் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். அரிப்பு அப்படி ஆட்டிவைத்தது.

ஆனால் எனக்கு இனிப்பு வேண்டுமே. பிரம்மச்சாரியாக இருந்தபோது அறைத் தோழர்களோடு சமைத்துப் பழகியவர் அவர். சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டவ் முன்னால் நிற்பார். பாசிப்பருப்பை வறுத்து வேகவைத்து, வெல்லம் கரைத்து ஊற்றி, பால் இல்லாத பாயசம். அவலை ஊறவைத்து வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்டுப் பிசைந்தது. வாழைப்பழத்தை வெல்லப் பாகில் புரட்டியது. வெறும் தண்ணீரில் செய்ததால் பாயசம் பருப்புக் கடையலுக்கு வெல்லம் போட்டது போலத்தான் இருக்கும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். இறக்குவதற்கு முன் தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறி, கமகமவென்று நெய்யில் வறுத்துக் கொட்டுவார்.

ஆமாம், நெய்யில்தான். அவர் வீட்டு வழக்கப்படி சோற்றின் தலையில் ஒரு சொட்டு நெய் விழுந்தால்தான் அது சாப்பாடு. மாமியார் வீட்டு வழக்கம், நான் மாற்றுவேனா? நெய்யும் வீட்டுக்கார அக்கா தன் எருமைப்பாலில் எடுத்துக் காய்ச்சிக் கொடுத்தது. "கைகால்ல கூடத் தடவிக்கோ டீச்சரம்மா, குளுகுளுன்னு இருக்கும்" என்று சொல்லியிருந்தார். தடவிக்கொள்ளவும் செய்தேன்.

தடிப்பு அடங்கவில்லை. இப்படிப் பட்டினி கிடந்தும் அடங்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தீபாவளிக்கு ஜவுளிக்கடை விளம்பரங்கள் ரேடியோவில் வர ஆரம்பித்துவிட்டன. புடவை நினைப்பு வர வேண்டிய நேரத்தில் எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸின் முகம் வந்தது. இருவரும் மறுபடி டாக்டரிடம் போனோம்.

"பால் குடிக்கறீங்களாம்மா?"

"இல்ல டாக்டர்."

"தயிர், மோர்?"

"தொடறதே இல்ல."

என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "தேங்காய்ப் பாலைக்கூட வீட்டுக்குள்ள விடறதில்ல சார்" என்றார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அதை எதுக்கு நிறுத்தினீங்க?"

"நீங்கதானே சார், பால்னு எதுவும் கூடாதுன்னீங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப நெய்?"

"அது தினம் உண்டு சார். சுத்தமான நெய். ஹவுஸ் ஓனரே காய்ச்சிக் குடுக்கறாங்க."

"ஏன் சார், நெய் என்ன மரத்துலயா காய்க்குது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"மரத்துல காய்க்கறதைத் தள்ளி வெச்சுட்டீங்க. மாட்டுல கறக்கறதை ஊத்தி ஊத்திப் போட்டிருக்கீங்க. நெய் காய்ச்சினாலும் பாலோட மிச்சம் அதுல கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அந்தக் கொஞ்சமே சில உடம்புக்குப் போதும்" என்றார். திரைக்குப் பின்னால் கம்பவுண்டர் சிரிப்பை அடக்க இருமினார்.

பஸ்ஸில் இடம் கிடைத்ததும் ஆரம்பித்தேன். "பப்பாளிக்காயைத் தடுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு நெய்யைத் தடுக்கத் தெரியலையா" என்று பெருங்களத்தூர் வரும்வரை வாட்டி எடுத்துவிட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது மட்டும், "நெய்னு சொல்றதுல பால்னு எங்கேயும் வரலையே" என்றார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நெய்யை வழித்து நக்கியவளே நான்தானே. ரோட்டோரம் நின்று இருவரும் சிரித்த சிரிப்பில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கார அக்காவிடம் இனி நெய் வேண்டாம் என்று சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. சொன்னேன்.

"நெய்யில பால் கீதா? இன்னா டீச்சரம்மா, பேஜாரா கீதே! அந்த டாக்டரு ஒழுங்காப் படிச்சவருதானா?" என்றார். அப்புறம் என் கையில் தடித்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "என் நெய்யாலயா இம்மா அவஸ்தை பட்ட?" என்று உள்ளே போனவர், இரண்டு கைகளிலும் தேங்காயோடு வந்தார். "இதை எட்த்துகினு போ. ஆவறது ஆவட்டும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். எனக்குத் தேங்காய்ப் பாலில் விழுந்தது. விடுமுறை நாளன்று என் கணவர் தேங்காய் துருவ உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அது நாள் வரை நெய் மணந்ததுபோல் இப்போது தேங்காய் மணந்தது. தேங்காய்க் கீற்றைத் தேங்காய் எண்ணெயில் வறுக்கலாம் என்று நான் சொன்னதற்கு மட்டும், "தலைக்குத் தேய்க்கறதையா?" என்று அதிர்ந்துபோனார். வறுத்ததை ஒன்று தின்று பார்த்தபின் அவர் கை நிற்கவில்லை. கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

தீபாவளிக்குப் பால் கொழுக்கட்டை செய்வது என்று முடிவு செய்து, முன்னதாகவே ஒத்திகை பார்த்தோம். பச்சரிசி மாவில் உப்புப் போட்ட வெந்நீர் விட்டுப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டினேன். தண்ணியான இரண்டாம் பாலில் அவை வெந்து மேலே வந்தன. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, கெட்டியான முதல் பாலை ஊற்றினோம். அதற்கு முன் ஸ்டவ்வை அணைக்க வேண்டும் என்று தெரியவில்லை. கொதித்த கொதியில் முதல் பால் திட்டுத் திட்டாகத் திரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவருக்கோ ஒரே உற்சாகம்.

"பார்த்தியா, நிஜப் பால் மாதிரியே திரியுது! பேர் சும்மாவா வெச்சாங்க? அப்ப நான் சந்தேகப்பட்டது தப்பா?"

திரிந்ததையும் இருவரும் மிச்சம் வைக்காமல் தின்றோம். அடுத்த முறை ஸ்டவ்வை அணைத்து, கொதி அடங்கியபின் முதல் பாலை ஊற்றினேன். வழவழவென்று சேர்ந்துகொண்டது. ஒரு கரண்டி வாயில் போட்டேன். அப்பாடா! இத்தனை நாளும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேனே, அது இதுதான் என்று இருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் ரோட்டைக் கடப்பதே பெரும்பாடு. தெற்கே போகிற பஸ்களுக்காக மூட்டை முடிச்சோடு ஜனம் நெரியும். அந்தக் கூட்டத்தில் என் கணவர் நீந்திப் போய் ஏலக்காயும் வெல்லமும் வாங்கி வந்தார். தீபாவளியன்று விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தேன். கையை விளக்குப் பக்கம் நீட்டி எண்ணெய் தடவப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டேன். கையில் ஒன்றும் இல்லை. மறு கையிலும் இல்லை. சில நாட்களாகவே குறைந்துகொண்டுதான் வந்தது, ஆனாலும் இப்படித் துடைத்துவிட்டாற்போல் இருந்ததில்லை.

"என்னங்க, இங்க வாங்க!"

அவர் ஓடி வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிற ஆள் அல்லவா, முதுகையும் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறவர்களைக் கேலி செய்கிறவள் நான். அன்றைக்கு என்னையே கேலி செய்துகொள்ள நேரமில்லை.

அன்று எல்லாப் போர்ஷனுக்கும் பால் கொழுக்கட்டை போயிற்று. வீட்டுக்கார அக்கா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இன்னா டீச்சரம்மா, பால் ஆவாதுன்னு சொல்லிகினு பால் கொழுக்கட்டை துன்னுகினு கீற?" என்றார்.

"இது உங்க மரத்துப் பால் அக்கா."

அவர் கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். பதிலுக்கு வந்த நெய்ப் பலகாரங்களை என் கணவர் எனக்காகத் தியாகம் செய்து தனியாளாகத் தின்று தீர்த்தார்.

பிறகு டாக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். கோதுமை, முட்டை, கத்தரிக்காய் எல்லாம் நிரபராதிகள். பால் ஒரு ஸ்பூன் குடித்தேன். சாயங்காலமே கழுத்தில் தடித்தது. குற்றவாளி பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் பாயசம் என்றால் தேங்காய்ப் பால்தான்.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனேன். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். பழக்க தோஷத்தில் வகுப்புத் தலைவி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "விரலை எடும்மா, எல்லாரும் சத்தமா வாய்ப்பாடு சொல்லுங்க" என்றேன். பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. நம்பியதும் கூரை பறந்தது. நான் மேஜையைத் தட்டித் தாளம் போட்டேன்.

வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து நின்றார்.

"என்ன டீச்சர் இது? எவ்வளவு அமைதியா இருந்த கிளாஸ்! இப்ப ஏன் இவ்வளவு சத்தம்?"

"நான் முழிச்சிருக்கேன் மேடம்" என்றேன்.