பரிசலில் மூணு பேரு கனம்

நீங்க நம்பலைன்னாலும் பரவால்ல. இந்த மாதிரிக் கதையெல்லாம் யாராச்சும் ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளுதான் நானும். லிஃப்ட் மெக்கானிக் வேலை, காக்ஸ் டவுன்ல வீடு. இருபத்தஞ்சு வருஷமா ஆஸ்பத்திரி, பழைய பில்டிங்னு இருட்டுக் குழிக்குள்ள தனியா எறங்கியிருக்கேன், ஒருநாளும் ஒண்ணும் கண்டதில்ல.

போன வருஷம் நானும் என் சம்சாரம் ஸ்டெல்லாவும் ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். எப்பவும் ரெண்டு நாள்ல நாலு ஊரைப் பாத்துட்டு ஓடி வர்றதுதான் எங்க டூர். இந்தவாட்டி அவ, ஒரே ஊர்ல ஒரு வாரம் சும்மா இருக்கலாமேன்னு கேட்டா. ஆத்தோரமா ஒரு பழைய வீட்ல ரூம் எடுத்தோம். காலைல கோட்டைச் சுவர் ஓரமா நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் படித்துறை, அவ்ளோதான். எங்களுக்குக் குழந்தை இல்ல. அந்தப் பேச்சை ரெண்டு பேருமே என்னிக்கோ நிறுத்திட்டோம்.

நாலாவது நாள் சாயங்காலம், வெயில் நல்லாவே இருந்துச்சு, அவ பரிசல்ல ஒரு சுத்து போயிட்டு வர்றேன்னா. எனக்கு முட்டி வலி, காலை மடக்கி உக்கார முடியாது, படியிலயே இருந்துட்டேன். அவளும் பரிசல்காரரும் மட்டும்தான் ஏறினாங்க, என் கண்ணால பாத்தேன். நடு ஆத்துல பரிசல் மெதுவா திரும்புச்சு பாருங்க, ஸ்டெல்லா பக்கத்துல ஒரு பொண்ணு, ஆறேழு வயசு இருக்கும், மஞ்ச கவுன், இவ மடியில தலை வச்சுப் படுத்திருக்கு. இவ அது முடியைக் கோதிட்டே இருக்கா. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தேன், அப்பவும் இருந்துச்சு.

கரைக்கு வந்தப்போ ரெண்டே பேரு. ஸ்டெல்லா சிரிச்சுக்கிட்டே எறங்கினா, புடவை மடியில மட்டும் ஈரம். தண்ணி தெறிச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். அவ முன்னாடி போனதும் பரிசல்காரர்கிட்ட கன்னடத்துல கேட்டேன், வழியில யாரையாச்சும் ஏத்தினீங்களான்னு. அவரு என் மூஞ்சியைப் பாக்காம துடுப்பைக் கழுவிக்கிட்டே சொன்னாரு.

"யாரும் ஏறல சார். ஆனா நடு ஆத்துலருந்து மூணு பேரு கனம் இருந்துச்சு."

நான் பாத்ததை இன்னிக்கு வரைக்கும் ஸ்டெல்லாகிட்ட சொல்லல. வந்ததுலருந்து அவ சந்தோஷமா இருக்கா, அதைக் கெடுக்க பயமா இருக்கு.

போன வாரம் சிவாஜி நகர்ல பஸ் ஏறினோம், கூட்டத்துல நான் பின்னாடி தங்கிட்டேன். அவ ஜன்னல் சீட்டைக் காலியா விட்டுட்டு ஓரமா உக்காந்திருக்கா. ஒரு அம்மா உள்ள நகரச் சொன்னாங்க.

"ஆளு இருக்குங்க"ன்னா ஸ்டெல்லா.

எனக்குத்தான் எடம் புடிச்சிருக்கான்னு கிட்ட போனேன். என்னைப் பாத்தா, பாத்தும் காலை நகத்தி வழி விடல. காக்ஸ் டவுன் வர்ற வரைக்கும் நான் நின்னுக்கிட்டேதான் வந்தேன்.