மேடை ஏறாத மாமி

"டக், டக்" என்று மரத்தில் மரம் படும் ஓசை எங்கே கேட்டாலும் இன்றும் என் முழங்கால் தானாக மடங்கும். ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில், எங்கள் எதிர்வீட்டு வைதேகி மாமி "தட்டுக்கழி"யால் தாளம் தட்டி எங்களை ஆட்டிவைத்த ஓசை அது. கும்பகோணம், தஞ்சாவூர் என்று சலங்கை கட்டி ஆடிப் பெயர் வாங்கியவர் மாமி. கல்யாணம் பேசும்போதே மாமியார் ஒரு நிபந்தனை போட்டாராம்: "ஆத்துல ஆடட்டும், பாடட்டும். மேடை ஏறப்படாது." அதற்குத் தலையாட்டிவிட்டு வந்த மாமி, தான் ஏற முடியாத மேடையில் தெருப் பெண்களை ஏற்றுவதென்று, கதையும் பாட்டும் மெட்டும் தாமே கட்டி, இசை நாடகம் போடத் தொடங்கினார்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு பள்ளி மண்டபத்தில் முதல் நாடகம். காவிரி வெள்ளத்தில் பரிசல் ஓட்டும் பெண்ணின் கதை. பரிசல்காரி நான். முன்வரிசையில் மாமியார். "நாலு பேர் சிரிச்சா, இதோட மூட்டை கட்டிடணும்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

இரண்டாவது பாட்டில் எனக்கு எல்லாமே மறந்துபோயிற்று. பேந்தப் பேந்த விழித்தேன். மேடைக்குக் கீழே தாளம் தட்டிக்கொண்டிருந்த மாமி கழியை வைத்துவிட்டு, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, என்னைப் பார்த்தபடி தரையிலேயே பாடி ஆட ஆரம்பித்தார். அவர் வலக்கையால் துடுப்புப் போட, நான் கண்ணாடிக்குள் நிற்பவளைப் போல இடக்கையால் போட்டேன். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சபை மாமியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும் மாமி தலை நிமிரவில்லை. "சொன்ன வாக்கைத் தப்பிட்டாளே" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, மாமியார் வெடுக்கென்று திரும்பினார்.

"எங்க தப்பினா? மேடை ஏறலையே!" பிறகு மருமகளிடம், "வாடி, ஆத்துக்குப் போலாம். நாளைக்கு அந்தப் பொண்ணுக்குப் பாடத்தை ஒழுங்காச் சொல்லிக்கொடு."

அவமானத்தில் நான்தான் அழுதேன்.

அதன்பின் மாமி போட்ட நாடகங்களிலெல்லாம் பாதிப் பேர் மேடையிலும் பாதிப் பேர் தரையிலுமாக ஆடினார்கள். தரையில் மாமியும் ஆடினார். பத்திரிகைகள் அதைப் புதுமை என்றும் உத்தி என்றும் எழுதின. மாமியார் காலமாகிப் பல வருஷம் கழித்து வந்த விருதைக்கூட மாமி ஏறி வாங்கவில்லை. தலைமை தாங்கியவர்தான் படியிறங்கி வந்து கொடுத்தார்.

போன மாதம் தெப்பக்குளம் பக்கம் போனேன். மண்டபத்தை இடித்துவிட்டு வண்டிகள் நிறுத்துகிறார்கள். மேடை எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கி சிமெண்ட் பூசியிருந்தார்கள்.