இரண்டு காலன் பெட்ரோலில் பினாங்குத் தீவைச் சுற்றப் போனது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் எங்கள் கார் நின்றது. மலைமேல் மேகம் இறங்கி முருகன் கோயில் இருக்கும் இடமே தெரியவில்லை. மணியோசை மட்டும் வெறும் வெள்ளையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் என் மனைவி மீனாட்சி மடியில் இட்டலித் தூக்குடன் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி சுப்பையா வெளியே நின்று, புனல் வைத்து, சரியாக இரண்டு காலன் பெட்ரோலைத் தொட்டியில் ஊற்றினான். காலன் எண்பத்தைந்து காசு. தொட்டியில் மீதியிருந்ததை வந்ததுமே சொட்டு இல்லாமல் வடித்துவிட்டிருந்தோம்.

இந்தப் பழைய காரை நானும் சுப்பையாவும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். ஓட்டுகிறவன் அவன். துடைத்து விபூதி பூசுகிறவன் நான். வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று மூன்று மாதமாக அவனுக்குச் சந்தேகம். தீவைச் சுற்றும் சாலை நாற்பத்தாறு மைல்.

"ரெண்டு காலன்ல சுத்தி வந்துட்டா வச்சுக்கலாம் அத்தான். வரலேன்னா நாளைக்கே பழைய வண்டி வாங்குற சீனன்கிட்ட வித்துரலாம். இன்ஷூரன்ஸும் இந்த வெள்ளிக்கிழமையோட முடியுது. விக்கப்போற வண்டிக்கு எதுக்குப் புதுசு பண்ணணும்?" என்றான்.

நான் மீனாட்சியைப் பார்த்தேன். மீனாட்சிக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து சந்தைக்குக்கூட அவளால் நடக்க முடியாது. கார் வந்த பிறகுதான் அவள் தெருவையும் கடலையும் பார்த்தாள். இது சுப்பையாவுக்கும் தெரியும். ஆனால் அவன் மாதச் சம்பளக்காரன், பெட்ரோல் செலவு கட்டுபடியாகவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது.

நான் படியேறி அர்ச்சனை செய்து, ஒரு சிறு செம்பில் தீர்த்தம் வாங்கி வந்தேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். சுப்பையா கை கழுவக் குழாயடிக்குப் போனான். அந்த நேரத்தில் தொட்டி மூடியைத் திறந்து, "முருகா, நீயே ஓட்டு" என்று மூன்று உத்தரணிக் கரண்டி தீர்த்தம் விட்டேன். இரண்டு குடும்பத்து வண்டியாயிற்றே என்று இன்னும் மூன்று விட்டேன். மீனாட்சி முன்பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி நகர்ந்தது.

மணி ஏழரைக்குத் தஞ்சோங் பூங்கா என்ற கடலோர ஊர். கடல் எழுந்திருக்காத குழந்தை மாதிரி அசையாமல் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு மீன்படகு நடுவிலே தொங்கிக்கொண்டிருந்தது. மீனாட்சி கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டாள்.

"முருகன் இருக்கும்போது இன்ஷூரன்ஸ் காகிதம் எதுக்கு மச்சான்?" என்று நான் பேச்சுக்குக் கேட்டேன்.

"நாம இடிச்சா, எதிர்ல வர்ற மாட்டுவண்டிக்காரனுக்கு முருகனா வந்து காசு கட்டுவாரு? போன வருஷம் மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. ஜெலுத்தோங்கில் ஒரு சீனக் கிழவரின் கரும்புச்சாற்று வண்டியை இடித்துவிட்டோம். இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருக்குப் புது வண்டியே செய்து கொடுத்தது. முகம் தெரியாதவர்கள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுப்பது. அதுவும் ஒரு அன்னதானம் மாதிரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன். இதைச் சொன்னேன். "அப்ப கம்பெனிக்காரனுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வையுங்க அத்தான்" என்று சிரித்தான்.

பத்து பெரிங்கி கடற்கரையில் பாறைகள் யானைக்கூட்டம் போலக் கடலில் இறங்கி நின்றன. தெலுக் பாஹாங்கில் காபி குடித்தோம். கோப்பை மூன்று காசு. அளவுகோல் குச்சியைத் தொட்டியில் விட்டுப் பார்த்துச் சுப்பையா முகம் மலர்ந்தான். "பரவால்ல லா. நல்லாத்தான் ஓடுது."

ஒன்பதே முக்காலுக்கு மலைச்சாலை ஏறத் தொடங்கினோம். இரண்டு பக்கமும் ஜாதிக்காய்த் தோட்டம். வாசனை வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வளைவுக்கு வளைவு கடல் கீழே சிறிதாகிக்கொண்டே போனது. ஐந்தாவது வளைவில் வண்டி இருமிற்று. மறுபடி இருமிற்று. நின்றுவிட்டது.

சுப்பையா இறங்கி முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றி முடுக்கினான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் சாவியை எடுத்து மடியில் செருகினான்.

"போதும். மலைன்னா இதால ஆகாது. நாளைக்கு வித்துருவோம். என்ன அக்கா?"

மீனாட்சி கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "சரி தம்பி. உனக்கும் கஷ்டம்தானே" என்று சொல்லிக் கண்ணாடியை மெல்ல மேலே ஏற்றினாள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "மச்சான், வண்டிமேல குத்தமில்ல. நான் தொட்டியில தீர்த்தம் விட்டேன்" என்றேன்.

"எதுல?"

"பெட்ரோல்ல. ஆறு உத்தரணி."

அவன் என்னைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். "அத்தான், சாமிக்கு எப்பவாச்சும் பெட்ரோல்ல அபிஷேகம் பண்ணியிருக்கீங்களா? அப்புறம் பெட்ரோலுக்கு ஏன் இது?" கோபமாகத்தான் ஆரம்பித்தான்; முடிப்பதற்குள் சிரிப்பு வந்து சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டான். "சமதரையில தண்ணி சும்மா அடியில கிடந்திருக்கு. ஏத்தத்துல வண்டி சாய்ஞ்சதும் குழாய்க்குள்ள போயிருச்சு."

குழாயைக் கழற்றிப் பால்டின்னில் பிடித்தான். அடியில் தீர்த்தம் கண்ணாடி மணிபோல உருண்டு நின்றது. மேலே பெட்ரோல் வானவில் நிறத்தில் மிதந்தது. சுத்தமாக வரும்வரை வடித்ததில், தொட்டியிலிருந்த பெட்ரோலில் பாதி டின்னுக்கு வெளியே ஓடிப்போயிற்று. டின்னை அவன் சாலையில் கவிழ்க்கப் போனான்.

"ஏய், கால் படுற இடத்துல ஊத்தாதே! முருகன் தீர்த்தம்" என்றாள் மீனாட்சி.

கதவைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கிவிட்டாள். என் தோளைப் பிடித்துப் பத்தடி நடந்து ஒரு ஜாதிக்காய் மரத்தடிக்குப் போனாள். அதற்குள் தோட்டத்து மலாய்க்காரர் ஒருவர் ஓடிவந்து என்னவென்று கேட்டார்; சொன்னேன். "சாமித் தண்ணியா? சாமிக்கு நான் குறுக்கே நிக்கல. ஆனா எண்ணெய் வாசம் அடிக்குதே, மரம் செத்துப்போகும் அக்கா" என்று மலாயில் கெஞ்சினார். அவரே யாரும் மிதிக்காத ஒரு பாறை இடுக்கைக் காட்டினார். மீனாட்சி கண்ணை மூடி அங்கே ஊற்றினாள். அவர் சற்றுத் தள்ளிக் கைகட்டி நின்றார். போகும்போது சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய்த் துண்டுகளை இலையில் வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

ஒரே முடுக்கில் வண்டி கிளம்பியது. பாலிக் பூலாவில் ஒரு காலன் வாங்கி ஊற்றினோம். நகரத்தைவிட மூன்று காசு கூட. பிறகு வயல், தென்னை, மறுபடி ஒரு மலை, தெலுக் கும்பாரில் மறுபடி கடல். நாங்கள் போகவில்லை, தீவுதான் எங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று தோன்றிற்று.  பாயான் லெப்பாஸ் தாண்டியும் சுப்பையா தீர்ப்புச் சொல்லவில்லை. 

குளுகோர் பக்கத்தில் மீனாட்சிதான் கேட்டாள். "தம்பி, பாதி பெட்ரோல் கீழே போச்சு. நடுவுல ஒரு காலன் வாங்கினே. அப்ப இந்த அளவு செல்லாதுல்ல?"

"செல்லாது."

"அப்ப மறுபடி சுத்தித்தானே பாக்கணும்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமைன்னா இன்ஷூரன்ஸ் இருக்காதே அக்கா."

"அதான் புதுசு பண்ணுன்னு சொல்றேன்."

சுப்பையா கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான். "கம்பெனிக்காரன் ஒரு வருஷத்துக்கு மொத்தமாத்தான் எழுதுவான்" என்றான்.

"எழுதட்டும். ஒரு தடவையில சரியா அளக்க முடியுமா என்ன?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "வியாழக்கிழமை கட்டிர்றேன். அத்தான், நீங்க மட்டும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது!"

பிற்பகல் இரண்டரைக்கு ஆயர் ஈத்தாம் வந்து சேர்ந்தோம். நான் கதவைத் திறந்துவிட்டும் மீனாட்சி இறங்கவில்லை. கார் ஜன்னல் வழியாக எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் காலையில் போட்ட கோலம், கொடியில் என் வேட்டி, சாத்திய கதவு. எட்டரை மணி நேரத்தில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வீடுகளை, யார் இருக்கிறார்களோ என்று, இப்படித்தான் பார்த்துக்கொண்டு போனோம்.

"இங்கே யாரோ நல்லா இருக்காங்க போல" என்றாள்.