செவ்வல்லூறின் தோள்பட்டை

சித்திரக்கதைப் புத்தகம் கைக்கு வந்ததும் நசீம் பானு கதையைப் பார்க்கமாட்டார். நாயகனின் சட்டைத் தையலைத்தான் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அக்குள், தோள்பட்டை, காலர் என்று விரலை ஓட்டுவார். "போன மாசம் இடது தோளு பிரிஞ்சு கெடந்துச்சு. இந்த மாசம் பாருங்க, புதுசாட்டம் இருக்கு. எவ தச்சுக் குடுத்தா?"

திண்டுக்கல் பேகம்பூரில் ஒற்றை மெஷின் போட்ட தையல் கடை அவருடையது. வயது நாற்பத்தாறு. பதினேழு வருஷத்துக்கு முன்னால் பள்ளி ஆண்டுவிழாவுக்காக ஏஞ்சலின் டீச்சர் 'செவ்வல்லூறு' சித்திரக்கதையின் முதல் இதழைக் கொண்டுவந்து, "இதே மாதிரி உடுப்பு வேணும்" என்று கேட்டார். படத்தில் துணிவெட்டு எப்படி என்று பார்க்கப் போன நசீம் பானு கதைக்குள் விழுந்துவிட்டார். டீச்சருக்கு உடுப்பு போய்ச் சேர்ந்தது, புத்தகம் போகவில்லை. அன்றிலிருந்து மாதம் தவறாமல் பஸ் ஸ்டாண்டு கடையில் அடுத்த இதழை வாங்கி வருவது கணவர் முகமது ரஃபீக்கின் வேலை.

செவ்வல்லூறு பறப்பான், பாலத்தைத் தோளில் தாங்குவான், தீக்குள் புகுந்து ஆளைத் தூக்கி வருவான். அத்தனையையும் நசீம் பானு நம்பிவிடுவார். ஒவ்வொரு இதழிலும் கிழிகிற சட்டை அடுத்த இதழில் தானாக முழுசாவதைத்தான் நம்பமாட்டார். ஆசிரியருக்குக் கார்டு மேல் கார்டாகப் போட்டுத் தள்ளினார். ஒருமுறை பதில் அச்சில் வந்தது. அந்த உடைக்குத் தானே ஆறிக்கொள்ளும் சக்தி உண்டாம். வந்ததே கோபம்.

"துணி என்ன தோலா, தானா ஆறுறதுக்கு? ஊரே அவனுக்குக் கைதட்டுது. எங்கேயோ ஒருத்தி கண்ணு நோக ஒக்காந்து தச்சிருப்பா. ஒரு கட்டத்துல அவ படத்தப் போட்டா என்ன கொறஞ்சா போயிரும்?"

கோபம் கோபம்தான், படிப்பதை விட்டாரா என்றால், அதுதான் இல்லை. பண்டிகை நேரத்தில் புதுத்துணி மலையாகக் குவிந்து கிடந்தாலும், கிழிசல் கொண்டுவருகிறவரை அவர் திருப்பி அனுப்புவதில்லை. செம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்கூட உண்டு. எங்கே கிழிந்தது என்று துணிக்குச் சொந்தக்காரரே தேட வேண்டியிருக்கும், அப்படியொரு கை. "தச்சது தெரியக் கூடாது. தெரிஞ்சா அது ஒட்டு" என்பார், ஏதோ ஒட்டுப்போடுவது குற்றம் என்பதுபோல.

போன மாதம் கடைசி இதழ் வந்தது. தொடர் முடிகிறது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். அன்று மட்டும் நசீம் பானு தையலைத் தேடாமல் முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஊரைக் காப்பாற்றிவிட்டு, கடைசிப் பக்கம் முழுக்க முதுகைக் காட்டி நடந்துபோகிறான் செவ்வல்லூறு. இடது தோள்பட்டையில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொள்ள, அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கதைதானே, முடிஞ்சுபோச்சு. விடு" என்றார் ரஃபீக்.

"முடியட்டும்ங்க. அதுக்காகப் பதினேழு வருஷம் ஒழைச்சவனக் கிழிசலோடவா அனுப்பிவைப்பாங்க?"

அந்நேரம் பார்த்து, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க மணிமேகலை வந்து நின்றாள். "அக்கா, நம்மது ஆச்சா?"

"செத்த நேரம் உக்காருத்தா. அவசரமா ஒண்ணு முடிக்கணும்."

நூல் டப்பாவைக் கவிழ்த்து, சிவப்பில் நாலு வகை எடுத்துப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். மூன்று ஒத்துவரவில்லை. நாலாவதை இருப்பதிலேயே மெல்லிய ஊசியில் கோத்தார். தாள் கிழிந்துவிடாமல் பின்னால் இடது கையை அணைகொடுத்துக்கொண்டு, கிழிசலின் ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பொடித் தையலாகப் போட்டுக்கொண்டே போனார். மணிமேகலை எட்டிப் பார்த்தாள். முடிச்சைத் தாளின் பின்பக்கம் தள்ளிவிட்டு, குனிந்து பல்லால் நூலை அறுத்து, கட்டைவிரல் நகத்தால் அந்தத் தோளை ஒருதரம் நீவிவிட்டார்.