மூலையில் நின்றவள்

கேமராக் கடையில் லென்ஸ் விற்கிறவனுக்கு 'மூலைக்காரன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. இருட்டு அறையிலும் விளக்கில்லாமல், அகலமாகப் படம் பிடிக்கிற லென்ஸ் வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் ஒரே பாட்டுத்தான்: "நடுவுல எல்லாமே நல்லாத்தான் சார் இருக்கும். மூலையைப் பாருங்க. குடுக்கிற காசுக்குத் தகுமான்னு அங்கதான் தெரியும்."

வாய்க்கு வந்ததை அளக்கிறவன் இல்லை அவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடை லென்ஸ் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவருவான். கூடத்தில் திரையை இழுத்துவிட்டு, லென்ஸின் ஒளித்துளையை முழுக்கத் திறந்து வைப்பான். படத்தின் நடுவில் புத்தக அலமாரி, இடது மூலையில் மனைவி. பதினோரு வருஷமாக அதே இடம், அதே ஆள். மாற்றினால் எதை எதோடு ஒப்பிடுவது?

"கட்டிக்கிட்டது என்னையா, அந்த அலமாரியையா?"

"அசையாதடி. மூஞ்சி இழுக்குதான்னு பார்க்கணும்."

"ஒரு தடவை என்னை நடுவுல நிறுத்தினா கொறஞ்சா போயிடுவீங்க?"

"நடுவுல நின்னா லென்ஸோட குத்தம் தெரியாதே."

பழகிப்போய், யார் போனை நீட்டினாலும் அவளாகவே ஓரத்துக்குப் போய்விடுவாள்.

போன வருஷம் மூன்று மடங்கு விலையில் ஒரு லென்ஸ் வந்தது. வாங்குகிறவர் மறுநாளே எடுத்துப்போகிறார். கையில் ஒரே ஒரு நாள். அன்றைக்குத்தான் அவளுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு சொல்கிறார்கள்.

"நீங்க வரலையா?"

"இத விட்டா மறுபடி கிடைக்காதுடி. நீ போயிட்டு வந்துடு."

அவள் சண்டை போடவில்லை. மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு, தன் சால்வையை அதன்மேல் விரித்தாள். "இதுதான் நான்னு வெச்சுக்குங்க. இது அசையாது" என்றுவிட்டுத் தனியாகவே போனாள்.

திரும்பி வந்தவளிடம் அவன் முந்திக்கொண்டான். "மூலை வரைக்கும் நூல் நூலாத் தெரியுதுடி! கேட்கிற விலை தகும்!"

"அப்படியா, நல்லது" என்றாள். டாக்டர் சொன்னதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் ஆனது. நாலாம் மாதம் போய்ச் சேர்ந்தாள்.

மகள் சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் கேட்டாள். கல்யாணப் படத்தில் இருந்தவள் யாரோ ஒரு சின்னப்பெண். மகளுக்கு வேண்டியது அவள் அம்மா. அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான். ஒன்றில் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. ஒன்றில் கண் கரைந்திருந்தது. ஒன்றில் மூலையே இருண்டிருந்தது. நாற்பதுக்கு மேல் பார்த்தாயிற்று. அலமாரிப் புத்தகங்களின் பெயர்களை மட்டும் எல்லாவற்றிலும் படிக்க முடிந்தது.

"நடுவுல நிக்கவெச்சு ஒண்ணு கூடவாப்பா எடுக்கல?"

அவன் கடைசிப் படத்துக்கு வந்தான். நாற்காலி. சால்வை. பெரிதாக்கினான். ஓரத்து நூல்களுக்கிடையே அவள் தலைமுடி ஒன்று ஒட்டியிருந்தது. அடி நரைத்தது வரை துல்லியம். இன்னும் பெரிதாக்கினான். முடி கட்டம் கட்டமாக உடைந்தது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.