ராத்தாவின் படகைக் கடந்து

படகில் குடியிருக்கிறேன் என்றால் எல்லோருக்கும் கண் விரியும். பார்மசியில் என்னோடு நிற்கிற பெண்கள், "ஒங்களுக்கென்னங்க, காத்தும் நிலாவுமா இருக்கீங்க" என்பார்கள். நிலாவை யார் பார்த்தது? நாள் முழுக்கக் கண்டி டவுனில் கவுண்டருக்குப் பின்னால் நின்றுவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் இறங்கி, ஆற்றங்கரைச் சேற்றில் கால் வைக்கும்போது செருப்பு அறுந்துவிடக் கூடாதே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே வந்ததில்லை.

எங்கள் படகும் பக்கத்துப் படகும் உல்லாசப் பயணிகளுக்கென்று கட்டியவை. நாடே பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் பயணிகள் வராமல் போக, முதலாளி அவற்றை மகாவலி ஆற்றின் ஒரு வளைவில் கட்டிப்போட்டு வாடகைக்கு விட்டார். பன்விலவில் எங்கள் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்துபோக என்னால் முடியவில்லை. டவுனில் அறை கேட்டால் யானை விலை, குதிரை விலை. லொறி ஓட்டும் என் கணவர் வாரத்தில் பாதி நாள் வீட்டுக்கு வரமாட்டார். ஆகவே படகு போதும் என்று நினைத்தோம்.

நினைத்தது தப்பில்லை, கிடைத்தது வெளிப்படகு. கரையில் ஒரு படகு கட்டத்தான் இடம் இருந்தது. அங்கே பக்கத்துக் குடித்தனமான ராத்தாவின் படகு. எங்களுடையதை அதன் பக்கத்தில், ஆற்றுப்பக்கமாகச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் போக வேண்டுமானால் அவர்கள் வீட்டு முன்தட்டில் ஏறிக் கடந்துதான் போக வேண்டும். குடிதண்ணீர், காஸ் சிலிண்டர், அரிசி, எல்லாம் அந்த வழிதான்.

ராத்தா மடவளைக்காரர். என்னைவிட மூத்தவர். அக்காவை முஸ்லிம்கள் ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய கணவரை நானா, அதாவது அண்ணன், என்போம். நானாவுக்கு ஒரு களஞ்சியத்தில் இரவுக் காவல் வேலை, பகலில் தூக்கம். அதனால் நான் காலையில் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி கடப்பேன். சன்னல் பக்கம் பார்க்கமாட்டேன். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவர் வீட்டை மிதித்து நடப்பவளுக்குத் தானாகவே வந்துவிடும்.

மாலையில் மட்டும் குரல் வரும். என் முதல் காலடி பட்டதும் படகு கொஞ்சம் சாயும். உள்ளே அடுப்படியில் இருப்பவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பார்.

"வந்தாச்சா தங்கச்சி?"

"ம்."

அவ்வளவுதான் நான். பல நாள் அந்த 'ம்'கூடப் பாதிதான் வரும். என் கணவரும் கூட வந்தால் சாய்வு வேறு மாதிரி இருக்குமாம். "இண்டைக்கி ரெண்டு ஆள்" என்று உள்ளிருந்தே சொல்லிவிடுவார். நான் மழைக்காலத்தில் குனிந்து குனிந்து படகுக்குள் ஊறிய தண்ணீரை அள்ளிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால், "என்ன, கால் இழுபடுது" என்பார்.

நோன்பு மாதத்தில் ஒரு கோப்பை கஞ்சியை மூடி, நான் கடக்கும் வழியில் வைத்திருப்பார். கூப்பிட்டுத் தரமாட்டார். கூப்பிட்டால் நான் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும், நின்று நின்று வந்தவளை மறுபடி நிறுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அப்போது கஞ்சியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி, காலையில் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவேன்.

நாங்கள் நிறையப் பேசியது கயிற்றடியில்தான். பொல்கொல்லை அணைக்கட்டில் கதவைத் திறந்தால் ஆறு இறங்கும், மலையில் மழை பெய்தால் ஏறும். ஏறும்போது கயிற்றைத் தளர்த்தாவிட்டால் படகு ஒருபக்கமாக இழுபட்டு, பானை சட்டியெல்லாம் உருளும். நானாவும் என் கணவரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் ஆறும் ஏறும். நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு முடிச்சை அவிழ்ப்போம். ஒருநாள் முடிச்சு இறுகி நகம் பிய்ந்தபோது நான் ஆற்றையும் முதலாளியையும் சேர்த்துத் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "முதலாளிய ஏசுங்க, ஆத்த ஏசாதீங்க. அதுக்கு மேலதான் ஈக்கிறோம்" என்றார்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. கரை வேண்டும். யார் வீட்டையும் மிதிக்காமல், செருப்போடு, நேராக மண்ணிலிருந்து என் வாசலுக்கு ஏற வேண்டும். இதை நான் ராத்தாவிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். "நாங்க போனா ஒங்களுக்குத்தான் கரை" என்று அவரும் கேலி செய்வார்.

போன வருடம் நானாவுக்கு இருமல் விடவேயில்லை. படகின் ஈரம் ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மடவளையில் ராத்தாவின் தம்பி வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. ஒருநாள் மாலை நான் கடக்கும்போது, முதல்முறையாக அவர் வெளியே வந்து என்னை நிறுத்தினார்.

"நாங்க போறம் தங்கச்சி. அவர்ட நெஞ்சுக்கு இந்த ஈரம் சரிவராது."

"போங்க ராத்தா. அவரு நல்லா இருக்கணும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அவர்கள் போன பிறகு முதலாளி அந்தப் படகைப் பழுது பார்க்க இழுத்துக்கொண்டு போனார். எங்கள் படகு கரைக்கு வந்தது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. காஸ் சிலிண்டர் நேராக உள்ளே வந்தது. செருப்போடு ஏறினேன். படகு சாய்ந்தது, நிமிர்ந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வேலையிலிருந்து வந்துவிட்டேனா, இன்னும் வழியில் இருக்கிறேனா என்றே தெரியாத மாதிரி ஒரு களைப்பு. படுத்தாலும் அது போகவில்லை.

ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், மடவளைக்கு பஸ் ஏறினேன். பள்ளிவாசல் தாண்டி, கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. நானா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார், இருமல் இல்லை. வழக்கம்போல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அவரைக் கடந்து சமையலறை வரைக்கும் போனேன். ராத்தா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார்.

நான் வாசலில் நின்றேன். அவர் திரும்பவில்லை. ஒரு கால் எடுத்து உள்ளே வைத்தேன். சீமெந்துத் தரை அசையவில்லை. நான் வந்ததை அவருக்குச் சொல்ல அந்த வீட்டில் எதுவும் இல்லை. அத்தனை நாளும் அந்தக் குரலுக்கு நான் முழுசாக ஒரு பதில் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வந்துட்டேன், ராத்தா" என்றேன்.