கஞ்சி போட்ட பீடத்துணி

கடலூரில் நடக்கவேண்டிய நேர்காணலை மூன்றாம் முறையாகத் தள்ளிவைத்திருப்பதாகச் செய்தி வந்தபோது, அதற்கான புடவையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். கஞ்சி சூடேறும் வாசனை எரிச்சலைக் கூட்டியது.

அம்மாவின் சனிக்கிழமை வாசனை அது. கீரப்பாளையம் பக்கம் எங்கள் சின்ன மாதா கோயிலுக்குச் சிதம்பரத்திலிருந்து சாமியார் வந்து மாதக்கணக்காகியிருந்தது. ஆனாலும் அம்மா வாராவாரம் பூசைப் பீடத்துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்ப்பாள்.

“பூசையே இல்லாத கோயிலுக்கு எதுக்கும்மா?” என்றால் முறைப்பாள்.

“இந்த ஞாயித்துக்கெழமையும் சாமியார் வரலன்னா, இனிமே இதத் தொடவே மாட்டேன் பாரு.”

அவர் வரமாட்டார். அடுத்த சனிக்கிழமை, அதையே சொல்லிக்கொண்டு மறுபடியும் கஞ்சி காய்ச்சுவாள்.

“இனிமே இந்தப் பொடவயத் தொடவே மாட்டேன்” என்று கணவரிடம் கத்தினேன். கத்திவிட்டு, இன்னும் தேய்க்காமலிருந்த முந்தானையை மேசைமேல் விரித்தேன்.